ஊற்றுக்குப் பக்கத்தில் போர்வெல்: எந்த மாடலை நம்புவது?

ஓர் ஊற்று, அதிலிருந்து கிளம்பும் ஓடை, ஓடைக்கரையில் நிலத்தடி நீர்வரை வேரை இறக்கி நிற்கும் மரங்கள். அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி போர்வெல் போட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள். எடுக்கலாமா? எவ்வளவு எடுக்கலாம்? எங்கே தோண்டினால் மரத்துக்கும் மீனுக்கும் பாதகம் வராது? நிலத்தடி நீரையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளரிடம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்தக் கேள்விதான்.

பதில் தேட ஐந்து வழிகள் உண்டு. வருடாந்திர வரவு செலவுக் கணக்கு, ஒரே பக்கத்தில் முடியும் சூத்திரம், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் மாட்ஃப்ளோ போன்ற நிலத்தடி நீர் மாடல், மழை முதல் பாறைவரை எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் ஒருங்கிணைந்த மாடல், அப்புறம் இப்போது எல்லோரும் கேட்கும் இயந்திரக் கற்றல். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூத்திரத்தில் தொடங்குங்கள், அது போதாது என்று தெரிந்தால் நடுத்தரமான ஒரு நிலத்தடி நீர் மாடலை எடுத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டுங்கள், மிச்சமாகும் பணத்தை மரத்தடியில் நோக்குக் கிணறு, அதாவது இறைக்காமல் நீர்மட்டத்தை அளக்க மட்டும் பயன்படும் கிணறு, அமைக்கச் செலவிடுங்கள். ஒருங்கிணைந்த மாடல் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அது தேவையில்லை.

மாடலைத் தேர்வதற்கு முன்னால், அது எந்த எண்ணைத் தர வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டெவில்ஸ் ஹோல் என்ற இடத்தில், பாறைப் பிளவுக்குள் வெதுவெதுப்பான நீர் நிற்கும் ஒரு குளம் இருக்கிறது. இயற்கையில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னஞ்சிறு பப்ஃபிஷ் இனம் அதில் வாழ்கிறது. குளத்தின் ஓரத்தில், நீருக்குச் சற்றே கீழே கிடக்கும் ஒரு பாறைத் திட்டில்தான் அது பாசி மேய்கிறது, முட்டையிடுகிறது. மட்டத்தை அளக்கப் பாறைச் சுவரில் ஒரு செம்பு வாஷரைப் பொருத்தி வைத்திருந்தார்கள். 1960களில் தண்ணீர் அந்த வாஷருக்கு 1.2 அடி கீழே ஏறக்குறைய அசையாமல் நின்றது. 1968இல் இரண்டரை மைல் தள்ளியிருந்த ஒரு பண்ணை நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியது. 1972இல் தண்ணீர் வாஷருக்கு 3.93 அடி கீழே போய்விட்டது. திட்டின் பெரும்பகுதி வெளியே தெரிந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1976இல் மீனின் பக்கம் தீர்ப்பானது. பின்னர் நிலைத்த எல்லை, வாஷருக்குக் கீழே 2.7 அடி.

இந்த வழக்கில் நான் கவனிப்பது அந்த வாஷரைத்தான். அந்த நீர்த்தாங்கியில் (நீரைத் தேக்கிக் கடத்தும் நிலத்தடி அடுக்கில்) மொத்தம் எத்தனை கோடி லிட்டர் இருக்கிறது என்பது மீனுக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. குறிப்பிட்ட ஒரு பாறையின் மேல் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அதன் பிழைப்பு. மரத்துக்கு வேர் நுனிக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி. ஓடைக்குக் கோடையின் கடைசி வாரத்தில் ஓடும் நீரின் அளவு. எந்த மாடலை எடுத்தாலும் அதன் விடை இப்படி ஓர் இடத்தில், ஒரு காலத்தில், ஒரு மட்டமாக வர வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் அடிபட்டுப் போவது வரவு செலவுக் கணக்கு. வருடத்துக்கு மழையால் இவ்வளவு ஊறுகிறது, இறைப்பது அதைவிடக் குறைவு, ஆகவே பாதுகாப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர் சார்லஸ் தைஸ் 1940லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். கிணற்றில் இறைக்கும் ஒவ்வொரு லிட்டரும் மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும்: நிலத்தடிச் சேமிப்பு குறைய வேண்டும், அல்லது புதிதாக நீர் உள்ளே ஊற வேண்டும், அல்லது ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்த நீர் குறைய வேண்டும். அப்படி வெளியே போய்க்கொண்டிருந்த நீர் எது? ஊற்று, ஓடையின் கோடை ஓட்டம், மரங்களின் நீராவிப்போக்கு. நாம் காப்பாற்ற வந்தவை எல்லாம் அந்த மூன்றாவது இடத்தில்தான் இருக்கின்றன. மழையால் ஊறுவதில் பாதியை மட்டும் இறைத்தாலும், காலப்போக்கில் அந்தப் பாதி ஊற்றிலும் ஓடையிலும் மரத்திலும் துண்டு விழும். நீரியலாளர் ஜான் பிரெடஹோஃப்ட்டும் சக ஆய்வாளர்களும் 1982இல் இந்தக் கணக்குக்குக் கட்டுக்கதை என்றே பெயர் வைத்தார்கள். அப்புறமும் அறிக்கைகளில் அது உயிரோடு உலவுகிறது. ஒரு படுகையின் மொத்த நிலவரத்தைப் பேச அது உதவும். ஓர் ஊற்றின் தலைவிதியை முடிவு செய்ய உதவாது.

அடுத்தது சூத்திரம். பலர் இதைப் பழைய சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். குளோவரும் பால்மரும் 1954இல் தந்த சமன்பாடு, கிணறு இறைக்கும் நீரில் எத்தனை பங்கு ஓடையிலிருந்து பறிபோகிறது என்பதை நேரடியாகச் சொல்கிறது. 1968இல் ஜென்கின்ஸ் அதைக் கையாள எளிதாக்கினார்: கிணற்றுக்கும் ஓடைக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தைச் சேமிப்புக் கெழுவால் (மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது ஒரு சதுர மீட்டர் நிலம் எத்தனை கன மீட்டர் நீரை விட்டுக்கொடுக்கும் என்ற எண்) பெருக்கி, கடத்துதிறனால் (நீர்த்தாங்கி தன் முழுத் தடிமனிலும் நீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற எண்) வகுத்தால் நாள் கணக்கில் ஓர் எண் கிடைக்கும். அத்தனை நாள் விடாமல் இறைத்தால், அன்றைக்கு இறைக்கும் நீரில் சுமார் 48 சதவீதம் ஓடைக்குச் சேர வேண்டிய நீர்.

போட்டுப் பார்ப்போம். மேலே மூடாக்கு இல்லாத மணல் நீர்த்தாங்கி, சேமிப்புக் கெழு 0.2, கடத்துதிறன் நாளுக்கு 500 சதுர மீட்டர். கிணறு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் விடை 400 நாள். இரண்டு கிலோமீட்டர் என்றால் 1,600 நாள், நாலு வருடத்துக்கும் மேல். தூரம் இரட்டிப்பானால் காலம் நான்கு மடங்கு. இதே ஒரு கிலோமீட்டரை, மேலே களிமண் மூடிய அழுத்த நீர்த்தாங்கியில் பாருங்கள். அங்கே சேமிப்புக் கெழு 0.0002 அளவில்கூட இருக்கலாம். விடை அரை நாளுக்கும் குறைவு. டெவில்ஸ் ஹோலில் நாலு கிலோமீட்டர் தள்ளி இறைத்தது ஓரிரு வருடத்துக்குள் குளத்தில் தெரிந்ததற்கும் காரணம் இந்த வகையானதுதான்: பிளவுகள் வழியாக நீர் தாராளமாக ஓடும், ஆனால் அதிகம் சேமிக்காத பாறை. மணல் கணக்கைப் போட்டிருந்தால் பதினேழு வருடம் என்று வந்திருக்கும். நிலத்தின் தன்மையை விட்டுவிட்டு 'இத்தனை மீட்டர் தள்ளித் தோண்டினால் போதும்' என்று விதி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று. அதே மணல், இரண்டு கிலோமீட்டர் தூரம்; கோடைக்காக 180 நாள் மட்டும் இறைத்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய அன்று ஓடை இழப்பது, இறைத்த வேகத்தில் வெறும் மூன்றரை சதவீதம். அளவுமானியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். கிணறு மூடிக் கிடக்கும் அடுத்த 180 நாள் கழித்துப் பார்த்தால் அது பத்து சதவீதம். அதாவது, மோட்டார் ஓடாத காலத்தில் பாதிப்பு மூன்று மடங்காகிறது. 'ஓடை குறைந்தால் மோட்டாரை நிறுத்திக்கொள்ளலாம்' என்ற உறுதிமொழியின் பேரில் அனுமதி கொடுப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு மென்பொருள் வேண்டாம், விரிதாள் போதும், அரை மணி நேர வேலை.

சூத்திரத்தின் குறைகள் தெரிந்தவைதான். ஓடை நேர்கோடாக, நீர்த்தாங்கியின் அடிவரை வெட்டி இறங்கியதாக, நிலம் எங்கும் ஒரே சீராக இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. ஓடையடியில் படிந்த வண்டல் நீரைத் தடுப்பதை 1999இல் ஹண்ட் தந்த சமன்பாடு சேர்த்துக்கொள்கிறது. ஆனால் மேடு பள்ளம், பல அடுக்குகள், மரங்கள் குடிக்கும் நீர் எதற்கும் அங்கேயும் இடமில்லை. ஆகவே மரம்தான் கேள்வி என்றால் சூத்திரம் பாதி வழியில் இறக்கிவிடும். ஓடைதான் கேள்வி, நிலமும் ஓரளவு சீரானது என்றால், அதற்கு மேல் செலவு செய்வதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நிலத்தடி நீர் மாடல். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1984இல் வெளியிட்ட மாட்ஃப்ளோ இதில் மூத்தது. இலவசம், மூலநிரல் திறந்தது, 2017இல் மாட்ஃப்ளோ 6 வந்த பிறகு கட்டங்களைத் தேவையான இடத்தில் மட்டும் நுணுக்கிக்கொள்ளவும் வசதி இருக்கிறது. ஃபீஃப்ளோ போன்ற கட்டண மென்பொருள்கள் முக்கோணக் கண்ணிகளில் வேலை செய்பவை; சிக்கலான பாறை அமைப்பிலும் உப்புநீர்க் கணக்கிலும் சௌகரியமானவை. இரண்டில் எது என்று அடித்துக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. விடை கெடுவது வேறு இடங்களில்.

முதல் இடம், ஓடை. மாட்ஃப்ளோவில் ஆற்றைச் சேர்க்க எளிதான தொகுதி ஒன்று உண்டு. நீங்கள் கொடுத்த மட்டத்தில் ஆறு எப்போதும் இருக்கிறது என்று அது வைத்துக்கொள்ளும். பக்கத்தில் எவ்வளவு இறைத்தாலும் ஆறு அசராமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், வற்றவே வற்றாது. கோடையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடைக்கு இதைப் போட்டால், மாடலில் நீர்மட்டம் கம்பீரமாக நிற்கும். காகிதத்தில் மரங்களும் பிழைத்துக்கொள்ளும். ஓடையில் எவ்வளவு நீர் மிச்சம் என்று பின்தொடரும் வேறு தொகுதி இருக்கிறது. உள்ளீடு கொஞ்சம் அதிகம் கேட்கும் என்பதால் அவசரத்தில் தவிர்த்துவிடுகிறார்கள். யாருடைய அறிக்கை கைக்கு வந்தாலும் முதலில் எந்தத் தொகுதி என்று பாருங்கள்.

இரண்டாவது, தரைமட்டம். மாடல் தருவது கடல்மட்டத்திலிருந்து நீர்மட்டத்தின் உயரம். மரத்துக்கு வேண்டியது தரையிலிருந்து ஆழம். 100 மீட்டர் கட்டம் ஒன்றுக்குள் தரை மூன்று மீட்டர் ஏறி இறங்கினால், சராசரித் தரைமட்டத்தைக் கழித்து வரும் ஆழத்தால் பள்ளத்தில் நிற்கும் நாணலையும் மேட்டில் நிற்கும் மரத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. மாடல் கட்டம் பெரிதாகவே இருக்கட்டும். ஆழத்தைக் கணக்கிடும்போது மட்டும் நுட்பமான உயர வரைபடத்தைப் பயன்படுத்தினால் போதும். செலவில்லாத திருத்தம், பலன் பெரிது.

மூன்றாவது, மரங்கள் குடிப்பதை மாடல் எழுதும் விதம். வழக்கமான வடிவம் ஒரு நேர்கோடு: நீர்மட்டம் தரையில் இருந்தால் முழு நீராவிப்போக்கு, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனால் சுழியம். நிஜ மரம் அப்படி நடந்துகொள்வதில்லை. மட்டம் மெல்ல இறங்கினால் பல இனங்கள் வேரைத் துரத்தி அனுப்பும். சட்டென்று இறங்கினால் பட்டுப்போகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வடக்கே, நிலத்தடி நீரை நம்பியிருந்த பாங்க்சியா மரங்கள் 1991 கோடையில் கூட்டமாகப் பட்டுப்போனதை ஆராய்ந்தவர்கள், மழைக்குறைவும் கடும் வெப்பமும் இறைப்பும் சேர்ந்து நீர்மட்டத்தை விரைவாக இறக்கியதைக் காரணமாகச் சொன்னார்கள். ஆகவே எல்லையை 'இத்தனை மீட்டர் ஆழம்' என்று மட்டும் வைக்காமல், 'வருடத்துக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது' என்றும் வைத்து மாடலிடம் கேட்க வேண்டும். மாட்ஃப்ளோவிடமும் அதைக் கேட்கலாம், கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வகை மாடலின் பெரிய பலம், அது சீக்கிரம் ஓடி முடிவது. நிமிடங்களில் ஓடும் மாடலை ஆயிரம் விதமான கடத்துதிறன், சேமிப்புக் கெழுக்களோடு ஓட்டிப் பார்க்கலாம். ஜான் டோஹெர்ட்டி உருவாக்கிய பெஸ்ட் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஒரே ஒரு 'சரியான' அளவீட்டுத் தொகுப்பைக் கண்டுபிடித்து, மாடல் வரைந்த கோட்டையும் அளந்த புள்ளிகளையும் பொருத்திக் காட்டி, 'மாடல் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவதைவிட இது நேர்மையானது. நிலத்தடி நீர் மாடல்களைச் சரியென்று நிரூபிக்கவே முடியாது, தவறென்று மட்டுமே காட்ட முடியும் என்று 1992இல் கோனிகோவும் பிரெடஹோஃப்ட்டும் எழுதினார்கள். ஆயிரம் ஓட்டத்தில் முந்நூறில் ஊற்று எல்லைக்குக் கீழே போகிறது என்பது முடிவெடுப்பவருக்குப் பயன்படும் விடை. ஊற்று 37 சென்டிமீட்டர் இறங்கும் என்பது விடை போலத் தோன்றும் ஒன்று.

இங்கேதான் ஒருங்கிணைந்த மாடல் தோற்கிறது. அதன் பெருமை உண்மையானது. 1969இல் ஃப்ரீஸும் ஹார்லனும் வரைந்த திட்டம், இன்று பார்ஃப்ளோ, ஹைட்ரோஜியோஸ்பியர், மைக் ஷீ போன்ற வடிவங்களில் ஓடுகிறது. மண்ணின் ஈரம், மேலே ஓடும் நீர், கீழே நகரும் நீர் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகத் தீர்ப்பதால், ஆற்றுக்குத் தனித் தொகுதி என்ற தில்லுமுல்லு தேவைப்படாது. பள்ளத்தில் நீர் தானே சேர்ந்து ஓடையாகும். பார்ஃப்ளோவைக் கொண்டு அமெரிக்க நிலப்பரப்பின் பெரும்பகுதியை ஓட்டிய மேக்ஸ்வெல், காண்டன் இருவரும் 2016இல் காட்டியது சுவாரசியமானது: நிலத்தடி நீர் பக்கவாட்டில் நகர்வதைச் சேர்த்தால், மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் ஆவியாகும் மொத்த நீரில் செடிகளின் பங்கு 47 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக உயர்ந்தது. மேட்டில் பெய்த மழை பள்ளத்து மரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் விலை? மண்ணின் ஒவ்வொரு அடுக்குக்கும் ஈரத்துக்கும் உறிஞ்சு விசைக்கும் உள்ள உறவைச் சொல்லும் அளவீடுகள் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவை அளக்கப்பட்டிருக்காது. மண் வகையைப் பார்த்து அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுவார்கள். பிறகு ஓட்டம் மணிக்கணக்கில், நாள் கணக்கில் இழுக்கும். ஆயிரம் முறை ஓட்டுவது நடக்காத காரியம். பத்து முறை ஓட்டி, அழகான அசைபடம் செய்து காட்டுவார்கள். பார்க்கிறவர்கள் மயங்குவதும் உண்டு. நுணுக்கமான இயற்பியல், அதற்குள் ஊகித்துப் போட்ட எண்கள். சதுப்பு நிலத்தில் வெள்ளமும் வடிதலும் மாறி மாறி வருகிறது, நீர்மட்டம் தரையைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது, காடு மாறினால் நீர் எப்படி மாறும் என்பதே கேள்வி என்றால் இதைத் தவிர்க்க முடியாது. மூன்று கிணறு போடலாமா வேண்டாமா என்பதற்கு இது தேவையில்லை.

இயந்திரக் கற்றலைச் சுருக்கமாக முடிக்கலாம். நீண்ட காலப் பதிவு உள்ள நோக்குக் கிணற்றில் அடுத்த மாத நீர்மட்டத்தைக் கணிக்க, நினைவுள்ள நரம்பு வலைகள் இயற்பியல் மாடல்களுக்கு நன்றாகவே ஈடு கொடுக்கின்றன. நம் கேள்வி அதுவல்ல. இதுவரை இல்லாத கிணறு வந்தால் என்ன ஆகும் என்பது நம் கேள்வி. அப்படிப்பட்ட நாள் எதுவும் அதன் பயிற்சித் தரவில் கிடையாது. மெதுவாக ஓடும் ஒருங்கிணைந்த மாடலைப் போலச்செய்து வேகமாக ஓட்ட இதைப் பழக்குவது நல்ல யோசனை, ஆனால் அது வேறு கதை. 2002 முதல் ஈர்ப்புவிசையை அளந்துவரும் கிரேஸ் வகைச் செயற்கைக்கோள்களையும் சிலர் நடுவில் இழுப்பார்கள். அவற்றின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். ஓர் ஊற்று அதில் தெரியாது.

சரி, பணத்தை எதில் போடுவது? இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள இறைப்புக் கிணறுகளின் மட்டம் மட்டும் தெரிந்து, மரத்தடியில் ஒரு அளவும் இல்லாமல் மாடல் செய்கிற வழக்கம்தான் எனக்குப் புரியாதது. மரங்களுக்கு நடுவே ஆழம் குறைந்த ஒரு குழாயை இறக்கி, கால் மணிக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பதியும் கருவியைத் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் அந்தக் கோடு அலை போல ஆடும்: பகலில் மரம் குடிக்க இறங்கும், இரவில் சுற்றிலுமிருந்து ஊறி ஏறும். 1932இல் வால்டர் வைட் அமெரிக்காவின் யூட்டாவில் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. நள்ளிரவுக்குப் பிறகு மணிக்கு 2 மில்லிமீட்டர் ஏறுகிறது. ஒரு நாளில் மட்டம் மொத்தமாக 10 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மண்ணின் வடிகொள்ளளவு, அதாவது மட்டம் இறங்கும்போது மண் விட்டுக்கொடுக்கும் நீரின் பங்கு, 0.1 என்று வைத்துக்கொண்டால், 24 மணிக்கு 48, அதோடு 10, பத்தில் ஒரு பங்கு: மரங்கள் அன்று நிலத்தடியிலிருந்து குடித்தது 5.8 மில்லிமீட்டர். வடிகொள்ளளவுதான் இதில் வழுக்குகிற எண். அதை அந்தக் குழியின் மண்ணிலேயே அளக்க வேண்டும். அப்படி அளந்துவிட்டால், மரங்கள் நிலத்தடி நீரை நம்பியிருக்கின்றனவா, மழை ஈரத்தில் பிழைக்கின்றனவா என்ற அடிப்படைச் சந்தேகம் தீர்கிறது. அலை ஆடவே இல்லையென்றால், ஒருவேளை நாம் கவலைப்பட வேண்டிய இடம் இந்தக் காடே அல்ல, கீழே உள்ள ஓடையாக இருக்கலாம். மாடல் எது என்ற தேர்வே அப்போது மாறிவிடும்.

வரிசை ஆக இப்படி அமைகிறது. குழாயை இறக்கிவிட்டு, ஒரு வருடப் பதிவு சேரும்வரை சூத்திரத்தை வைத்து ஓரங்களைப் பாருங்கள்: சேமிப்புக் கெழு மிகக் குறைவாக இருந்தால் என்ன, மிக அதிகமாக இருந்தால் என்ன. இரண்டு ஓரத்திலும் ஓடை தப்பித்தால், அல்லது இரண்டிலும் அடிவாங்கினால், முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது. நடுவில் மாட்டினால் மாட்ஃப்ளோ. ஓடையின் ஓட்டத்தைப் பின்தொடரும் தொகுதியோடு, மரத்தடிப் பதிவுக்குப் பொருத்தி, சில நூறு ஓட்டங்கள். அந்த ஓட்டங்களில் மரத்தடி மட்டம் சிதறுவதற்கு தரைக்குக் கீழே முதல் சில மீட்டர் மண்ணே காரணம் என்று தெரிந்தால்தான் ஒருங்கிணைந்த மாடலுக்கான செலவுக்கு நான் கையெழுத்துப் போடுவேன், அதுவும் படுகை முழுக்க அல்லாமல் மரங்கள் நிற்கும் அந்தப் பட்டைக்கு மட்டும். பிளவுண்ட பாறையும் சுண்ணாம்புக் குகையும் உள்ள இடத்தில் இந்த வரிசையும் செல்லாது. அங்கே பல வாரம் நீளும் இறைப்புச் சோதனை ஒன்றை நடத்தி, ஊற்றின் மட்டத்தை நேரடியாகப் பார்த்துவிடுவது எந்த மாடலையும்விட மலிவு.